மின்சார மேளம்

போன வருஷம் தை மாதத்தில் ஒரு நண்பருடைய மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சிக்கனமான கல்யாணம். கோயில் மண்டபத்தில் ஐம்பது, அறுபது பேர்தான் இருந்தார்கள். வாசலில் இரண்டு வாழை மரங்கள் குலையும் பூவுமாக நின்றன. ஓர் இலைகூடக் கிழியாத வாழையை நான் அதுவரை பார்த்ததில்லை. வியந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்! மேலே தொங்கிய மாவிலைத் தோரணமும் அதே சாதிதான். கோலத்தை மிதித்துவிடக் கூடாதே என்று காலைத் தூக்கித் தாண்டி வைத்தேன். அது தரையில் ஒட்டிய காகிதம் என்றும், மிதித்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் ஒரு பையன் எனக்குத் தைரியம் சொன்னான்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. மேளக்காரர்களைக் காணோம். பெண்ணின் தம்பி தன் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொண்டு தயாராக நின்றான். “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்று சாஸ்திரிகள் விரலை ஆட்டினார். பையன் கைப்பேசியைத் தொட்டான். முதலில் வந்தது ஒரு வீட்டுக்கடன் விளம்பரம். குறைந்த வட்டியைப் பற்றி ஓர் அம்மாள் கொஞ்சும் குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோதே முதல் முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டாவது முடிச்சு மாதத் தவணைக்கு விழுந்தது. மூன்றாவது முடிச்சுக்குத்தான் நாதஸ்வரம் வந்து சேர்ந்தது.

தாலி ஏறுகிற சமயத்தில் தும்மலோ, அழுகையோ, அபசகுனமான சொல்லோ காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம் முழக்குகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கடன் என்பதைக் காட்டிலும் அபசகுனமான சொல் குடும்ப வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது?

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போவதற்கு வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ள வருகிறவன் நேர் வழியாக வந்ததாகக் கதைகளில்கூடக் கிடையாது.

போலி என்றதும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வனஸ்பதிதான். நிக்கல் உலோகத்தின் துணையோடு எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் இறுகிவிடும் என்று கண்டுபிடித்து, 1902-இல் நார்மன் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் அதற்கு உரிமை பெற்றார். நம் நாட்டில் 1937-இல் அது டால்டா என்ற பெயரோடு கடைக்கு வந்தது. நெய் வாங்க வகையில்லாத வீடுகளில் அந்த மஞ்சள் டின் உரிமையோடு நுழைந்தது. எங்கள் வீட்டிலும் நுழைந்தது. ஆனால் என் அம்மா அதை நெய்க் கிண்ணம் இருக்கும் மாடத்தில் வைக்க மாட்டாள். கீழ்த்தட்டில்தான் அதற்கு இடம். தீபாவளிக்கு வருகிறவர்களிடம் தட்டை நீட்டும்போதே, “இது டால்டாவில் செய்தது” என்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்காமலே சொல்வாள். அதனால் யாரும் குறைவாகத் தின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. டின் காலியானதும் அதில் ஒரு ரோஜாச் செடி முளைக்கும்.

எங்கள் அம்மாவைப் போன்றவர்கள் எல்லாக் கடைகளிலும் உட்கார்ந்திருக்கவில்லை. டால்டாவை உருக்கி நெய்யில் கலந்து, நெய் விலைக்கே விற்றார்கள். இதைத் தடுக்கச் சட்டம் ஒரு நல்ல உபாயம் கண்டுபிடித்தது. வனஸ்பதி தயாரிக்கிறவர்கள் அதில் 100-க்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதித்தது. ருசிக்காக அல்ல, சத்துக்காகவும் அல்ல. சந்தேகப்படுகிற நெய்யைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுரால் என்ற திரவமும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் பட்சத்தில் சிவப்பு நிறம் காட்டும். சிவந்தால் அதில் வனஸ்பதி இருக்கிறது என்று அர்த்தம். போலியின் வயிற்றிலேயே ஒரு சாட்சியை உட்கார வைத்துவிட்டார்கள்!

வனஸ்பதியிடம் வேறு குற்றம் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அப்படி இறுகும் எண்ணெயில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கேடு என்று பிற்பாடு தெரிந்தது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் கட்டுப்பாடு வந்திருக்கிறது. ஆனால் அது பொருளின் குற்றம். நான் சொல்ல வந்தது பெயரின் குற்றம். டால்டா டால்டாவாக இருந்தவரையில் அது ஏழைக்கு ஒரு துணை. நெய் என்று பெயர் சொல்லிக்கொண்ட நிமிஷத்தில்தான் அது போலியாயிற்று.

போலி என்றாலே கெட்டது, அசல் என்றாலே புனிதம் என்றும் சொல்லிவிட முடியாது. அவுரிச் செடியிலிருந்து எடுக்கிற நீலச் சாயத்தின் கதையைப் பாருங்கள். வங்காளத்துக் குடியானவர்களின் நிலத்தில் துரைமார்கள் அவுரியைக் கட்டாயப் பயிராக்கினார்கள். 1859-இல் குடியானவர்கள் பொறுக்க மாட்டாமல் எழுந்தார்கள். மறு வருஷமே தீனபந்து மித்ரா அந்தக் கொடுமையை ‘நீல தர்ப்பண்’ என்று நாடகமாக வெளியிட்டார். பிறகு ஜெர்மனியில் பேயர் என்ற விஞ்ஞானி அதே நீலத்தைச் சோதனைச் சாலையில் உண்டாக்கினார். 1897-இல் ஜெர்மானியத் தொழிற்சாலையின் நீலம் சந்தைக்கு வந்தது. நம் நாட்டு அவுரி விழுந்தது.

அசல் அழிந்ததே என்று யார் அழுவது? சம்பாரணில் ஒவ்வொரு குடியானவனும் இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கு அவுரி போட்டே தீர வேண்டும் என்று இருந்தது. அவன் அழுவானா? ஆனால் வேடிக்கை என்னவென்றால், போலிச் சாயம் வந்ததும் அவனுக்கு விடுதலையும் கிடைத்துவிடவில்லை. “இனி அவுரி போட வேண்டாம், அதற்குப் பதிலாகக் குத்தகையை உயர்த்திக் கொடு” என்றார்கள் துரைமார்கள். 1917-இல் காந்தியடிகள் அங்கே போய் ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கிய பிறகுதான், மறு வருஷம் சட்டம் வந்து அந்த வழக்கம் ஒழிந்தது. ஆகவே ஓர் அசல் மறைந்தது என்று கேள்விப்பட்டால், அது யாருடைய முதுகின்மேல் நின்றுகொண்டிருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்தபோது புரிந்துகொள்ளவில்லை. என் ஊரில் ஒருவர் சொன்னபோதுதான் புரிந்தது. அதற்கு இதோ வருகிறேன்.

அதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவல் எழுதுகிறவன் போலியைப் பழிப்பது, கண்ணாடி வியாபாரி பிம்பத்தைப் பழிப்பது போலத்தான். இல்லாத மனிதர்களை இருப்பதாகக் காட்டுவதுதானே எங்கள் பிழைப்பு? 1968-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அதில் சிவாஜி கணேசன் நாதஸ்வரம் வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாயில் வைத்திருந்ததோடு சரி. ஆனால் அந்தக் கன்னம் புடைப்பதையும், கழுத்து நரம்பு தெறிப்பதையும், தவில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிடியை அவிழ்ப்பதையும் பார்த்தவர்களுக்கு அது போலி என்று தோன்றியதுண்டா? அசலின் எதிரில் நெடுநேரம் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக் கற்றுக்கொண்டவனுக்குத்தான் அப்படிப் போலி செய்ய வரும். அதைப் பார்த்துவிட்டு அசல் நாதஸ்வரத்தைத் தேடிப் போனவர்கள் உண்டு.

அசலைத் தேடிப் போக வைக்கிற போலி ஒன்று. அசலைத் தேடிப் போகாமல் இருப்பதற்காகச் செய்துகொள்கிற போலி ஒன்று. நான் செய்தது இரண்டாவது வகை.

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. சின்ன ஊர், சின்ன சிவன் கோயில். நான் பையனாக இருந்தபோது அந்தக் கோயிலில் சாயரட்சைக்கு நாதஸ்வரமும் தவிலும் உண்டு. அந்தச் சத்தம் கேட்டால்தான் என் அம்மா விளக்கேற்றுவாள். வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்து அவள் விளக்கேற்றியதில்லை. கையில் எந்த வேலை இருந்தாலும் மேளம் கேட்டவுடன் போட்டுவிட்டுக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள்.

நான் பட்டணத்துக்கு வந்தேன், எழுதினேன், கொஞ்சம் பெயர் வந்தது. அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். 2008-இல் காலமானாள். மறு வருஷம் அவளுடைய முதல் திதி நெருங்கிய சமயத்தில் ஊர்க் குருக்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாதஸ்வரக்காரர் இறந்துவிட்டார். தவில்காரர் மட்டும் இருக்கிறார். அவருடைய தம்பி மகன் இருபத்து நாலு வயதுப் பையன். நாதஸ்வரம் நன்றாக வாசிக்கிறான். கோயிலில் அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. யாராவது மாதம் 2,000 ரூபாய் ஏற்றுக்கொண்டால் ஊரிலேயே தங்குவான். இல்லாவிட்டால் திருப்பூருக்குப் போய்விடுவான். இப்படி எழுதிவிட்டு, கடைசி வரியில் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: “அக்கம்பக்கத்துக் கோயில்களில் மின்சார மேளம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், விலை 18,000 ரூபாய் என்கிறார்கள்.”

கணக்கு என்பது எவ்வளவு வசதியான சாஸ்திரம்! மாதம் 2,000 என்றால் வருஷத்துக்கு 24,000. அதுவும் ஒரு வருஷத்தோடு முடிகிற காரியமா? பையன் நன்றாக வாசிக்கிறானா என்று யார் பார்ப்பது? நடுவில் ஓடிவிட்டால்? மின்சார மேளமோ ஒரே செலவு. ஓடிப்போகாது. காய்ச்சல் வராது. சம்பள உயர்வு கேட்காது. ஒரு வாரம் யோசித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கடிதத்தை மடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். 18,000 ரூபாய்க்கு வரைவோலை அனுப்பினேன். என் அம்மாவின் பெயரையும் என் பெயரையும் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் தெளிவாக எழுதி உடன் வைத்தேன்.

ஒரு புகைப்படம் வந்தது. இரும்புச் சட்டம், நடுவில் மோட்டார், இரண்டு முரசு, மேலே மணிகள், பக்கத்தில் சேகண்டி. சட்டத்தின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் எங்கள் பெயர்கள். ‘உபயம்’ என்ற சொல் பெயர்களைவிடச் சிறியதாக இருந்தது. குருக்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, “கேளுங்கோ, கேளுங்கோ!” என்று மேளத்தின் பக்கம் பிடித்தார். பெரிய இரைச்சலாகக் கேட்டது. “ரொம்ப நன்றாயிருக்கிறது” என்றேன்.

அதோடு மறந்துவிட்டேன். நண்பர் மகள் கல்யாணத்தில் வீட்டுக்கடன் அம்மாள் நாதஸ்வரத்துக்கு முன்னால் பேசியவரையில் மறந்துதான் இருந்தேன்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் ஊருக்குப் புறப்பட்டேன். சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். கோயிலில் குருக்களையும் என்னையும் சேர்த்து நாலு பேர். மின்சார மேளத்தின் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டூல் போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. 1984-இல் என் கல்யாணத்துக்குத் தவில் வாசித்தவர் அவர்தான். அன்று அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். இன்று எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

கர்ப்பக்கிருகத்தில் கற்பூரம் தெரிந்ததும் அவர் எழுந்து சுவிட்சைத் தட்டினார். அச்சு சுழன்றது, இரும்புக் கைகள் தோலையும் வெண்கலத்தையும் மாறிமாறி அடித்தன. அந்தச் சத்தத்தில் சந்நிதி அதிர்ந்தது. அவர் கண் மட்டும் தீபத்தை விட்டு அசையவில்லை. தீபம் கீழே இறங்கிய அதே கணத்தில் சுவிட்சை அணைத்தார். பிறகு முரசின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். அப்போதுதான் கவனித்தேன். இரும்புச் சட்டத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தது.

“வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?” என்றார்.

“இப்பத்தான், அண்ணே. நீங்க... இதை நீங்களா பார்த்துக்கிறீங்க?”

“அதுக்கு அடிக்கத் தெரியும் தம்பி, நிறுத்தத் தெரியாது. தீபாராதனை ஆகுற நேரம் பாத்து யாராச்சும் நிறுத்தணும்ல? சாமி ஒரு கையில தட்டை வச்சுக்கிட்டு எப்படி நிறுத்துவாரு?”

அந்த வாத்தியத்துக்கு என்னென்ன வேண்டியிருக்கிறது என்று நான் அறியாதவன் அல்ல. நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற நாள்பட்ட உத்தரங்களை வாங்கி வந்து குடைவார்கள். அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலுக்குப் பலாமரம். ஒரு பக்கம் பூவரசங் கழி. மறு பக்கம் விரல்களுக்குத் துணியையும் பசையையும் சுற்றிக் காயவைத்த கூடுகள். ஸ்வாமி புறப்பட்டால் கம்பீரநாட்டையில் மல்லாரி. பள்ளியறைக்கு நீலாம்பரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஸ்வாமி எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். இத்தனைக்கும் பதிலாக ஒரு சுவிட்சை அனுப்பியவன் நான்.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். “அண்ணே, என் மேலே உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“எதுக்கு?”

“இந்த மெஷினை வாங்கி வச்சதுக்கு.”

அவர் சிரித்தார். “மெஷின் வந்ததாலயா மேளம் போச்சு? மெஷின் வர்றதுக்கு முன்னால ரெண்டு வருஷம் எங்க ரெண்டு பேருக்கும் எதிர்ல அந்தத் தூண்தான் நின்னுச்சு. கேக்க ஆளே இல்லையே, தம்பி. நீங்க கடைசியா எப்பக் கேட்டீங்க?”

யோசித்துப் பார்த்தேன். கடைசியாகக் கேட்டது என் கல்யாணத்தில். அன்றைக்கும் கேட்டேன் என்று சொல்ல முடியுமா?

“மாதம் 5,000 ரூபாய் நான் அனுப்புகிறேன். உங்கள் தம்பி மகனை வரச் சொல்லுங்கள்” என்றேன். இந்த வாக்கியத்தை ரயிலில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன்.

“பையனுக்கு நாப்பது ஆயிப்போச்சு தம்பி. திருப்பூர்ல கட்டிங் மாஸ்டரா இருக்கான். ரெண்டு புள்ளைங்க அங்க படிக்குது. எப்படி வருவான்?” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “வர வேணாம்னுதான் நானும் சொல்வேன்” என்றார். “எங்க அப்பா இந்த ஊர்ல துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நின்னு வாசிச்சாரு. தோள்ல போட விடமாட்டாங்க. நான் போட்டுக்கிட்டேன். ஆனா எனக்கும் அறுவடைக்கு அறுவடை களத்துல போயி நின்னாத்தான் நெல்லு. ‘ஏ மேளம், அங்க தள்ளி நில்லு’ன்னுதான் கூப்புடுவாங்க. அங்க அவனை ‘மாஸ்டர்’ங்கிறாங்க தம்பி. பேர் சொல்லிக்கூடக் கூப்புடுறதில்ல.”

அவுரிக் குடியானவனைப் பற்றி முன்னால் சொன்னேனே, அது எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். நான் எதை அசல் என்று எண்ணி ஏங்கினேனோ, அதன் பக்கத்தில் ஒரு மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். என் காதில் நாதம் விழுந்தது. கண்ணில் துண்டு விழவில்லை. இந்த மெஷின் அவரை அங்கிருந்து விரட்டியதா, விடுவித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: விடுவிக்க வேண்டும் என்று எண்ணி நான் அதை வாங்கவில்லை.

“வாத்தியம் என்ன ஆச்சு?” என்றேன்.

“அவன்கிட்டத்தான் இருக்கு. பரண் மேல வச்சிருக்கான். அப்பப்ப எடுத்து எண்ணெய் போடுறானாம்.”

எழுந்திருக்கும்போது அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் என் காதில் இருக்கிறது. “உங்க அம்மா இருந்தப்ப ஒரு தடவ எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் சாயரட்சைக்கு வரல. மறுநாள் காலையில ஆள் அனுப்பிட்டாங்க, ‘நேத்து மேளம் கேக்கலியே, என்ன ஆச்சு’ன்னு. கஞ்சிக்கு நொய்யும் கொடுத்து விட்டாங்க. போன ஐப்பசியில மெஷின் ரிப்பேராயி மூணு நாள் கெடந்துச்சு. ஊர்ல ஒருத்தர் கேக்கல.”

இது அசல், இது போலி என்று பிரித்துக் காட்ட எத்தனையோ சோதனைகள் உண்டு. தங்கத்துக்கு உரைகல், நெய்க்கு அமிலம். இந்தக் கிழவர் சொன்னதைவிடத் துல்லியமான சோதனையை நான் கேட்டதில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் என்ன ஆயிற்று என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார்களா? என் அம்மா கேட்டாள். அவள் நினைவாக நான் வாங்கி வைத்ததோ, நின்றாலும் யாரும் கேட்காத ஒரு சத்தம். அதைவிடச் சங்கடமான எண்ணம் ஒன்றும் எழுந்தது. கோயிலுக்கு நான் போகாமல் இருப்பதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நாள் தவறாமல் எனக்குப் பதிலாக அங்கே போய் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தவிலுக்குப் பதிலாக அந்த மெஷினை வாங்கினேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்குப் பதிலாகத்தான் வாங்கியிருக்கிறேன்.

“திருவாதிரைக்கு வாங்க தம்பி. அன்னைக்கு விடியக்காலம் மெஷினைப் போட விடமாட்டேன். கேக்க ஆள் வருதுன்னு சொன்னா அவனும் வந்தாலும் வருவான்” என்றார்.

போனேன். பையன் — அவனைப் பையன் என்று சொல்வதே தவறு — திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். நாலு மணிக்கு நடராஜருக்கு அபிஷேகம் ஆரம்பமாயிற்று. மார்கழிக் குளிர். பெரியவர் பரணிலிருந்து இறக்கிய தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டார். பாரம் தாங்காமல் கொஞ்சம் சாய்ந்து நின்றார். இருவருடைய தோளிலும் துண்டு இருந்தது.

அது தில்லானா மோகனாம்பாள் அல்ல. பழக்கம் விட்டுப்போன மூச்சு இரண்டு மூன்று இடங்களில் அறுந்தது. மல்லாரியின் நடுவில் ஓரிடத்தில் தம்பி மகன் வழி தவறி நின்றுவிட்டார். பெரியவர் சும்மா இருக்கவில்லை. அவர் திரும்பி வந்து பிடித்துக்கொள்ளும் வரையில் அந்த இடத்தை விரலால் நிரப்பிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். எந்த இரும்புக் கை அப்படிக் காத்திருக்கும்? அரைமணி நேரத்தில் தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்து பதினோரு பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒரு கிழவி மட்டும் என்னிடம் வந்து, “யார் வீட்டுக் கல்யாணம்?” என்று விசாரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல மெஷின் அடித்தது. தம்பி மகன் காலையிலேயே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார். நான் குருக்களைத் தனியாக அழைத்து, அந்தச் சட்டத்தில் இருக்கும் எங்கள் பெயர்களை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அம்மாவின் பெயரையாவது அழித்துவிடுங்கள் என்றேன்.

“அதெப்படி அழிக்கிறது? கோயில் சொத்துப் புஸ்தகத்தில் உபயதாரர் பேரோடு ஏறிப்போயிருக்கு. பேரை அழிச்சா, இது எங்கேயிருந்து வந்ததுன்னு நாளைக்கு என்னைக் கேட்பா. இருக்கட்டும், சார்” என்று சொல்லிவிட்டார் அவர்.

யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. வனஸ்பதியில் நல்லெண்ணெயைச் சேர்க்கச் சொன்னார்கள் அல்லவா, அதைப்போல என் பெயரும் அதில் இருக்கட்டும். மேளம் எங்கே போயிற்று என்று என்றைக்காவது யாராவது கேட்டால், சாட்சி சொல்ல ஒன்று வேண்டும்.

அடுத்த திருவாதிரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.